நெளுக்குளத்து வயலில் ஓர் உள்ளான்

வவுனியாவின் நெளுக்குளத்தில் பங்குனி பிறந்தால் வெயில் ஏறும், குளம் இறங்கும். காலபோக நெல் அருவிவெட்டி முடிந்திருக்கும். துருசு வழியே பாய்ந்த தண்ணீர் வயலைவிட்டு வடிந்து, வரம்போரப் பள்ளங்களில் மட்டும் சேறாகக் கிடக்கும். மார்கழியில் முழங்கால் தண்ணீர் நின்ற அலைகரையில் மாடு மேயும். மேலை நாட்டுப் பறவை நூல்கள் இளவேனில் வலசை என்று எழுதும்போது, பனி உருகித் தளிர் விடும் ஒரு பருவத்தை நினைத்து எழுதுகின்றன. வன்னியில் அப்படியொரு பருவம் இல்லை. இங்கே தங்கியிருக்கும் வலசைப் பறவைக்கு இளவேனில் என்பது அது போய்ச் சேரப்போகும் ஊரின் பருவம். சைபீரியச் சதுப்பில் இன்னும் உறைந்து கிடக்கும் நிலம் எப்போது இளகும் என்பதை வவுனியாவின் வெயிலில் நின்றபடி அதன் உடல் கணக்கிட்டாக வேண்டும். பகல் நீள்வதை வைத்துக் கணக்கிடலாம் என்றால், நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் அந்தத் தடயமும் மெலிது. வவுனியாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். 1960களில் ஜெர்மானிய உயிரியலாளர் எபர்ஹார்ட் குவின்னர், வில்லோக் கதிர்க்குருவிகளை 12 மணித்தியால வெளிச்சமும் 12 மணித்தியால இருட்டும் மாறாமல் வரும் அறைகளில் வளர்த்துப் பார்த்தார். வெளியே எந்தப் பருவம் என்று அறிய வழியே இல்லாத அந்தக் குருவிகள் ஏறத்தாழ ஓர் ஆண்டு இடைவெளியில் இறகு மாற்றின, வலசைக்குரிய இரவுகளில் கூண்டுக்குள் அமைதியிழந்து படபடத்தன. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரை நெளுக்குளத்துப் பறவைகளில் என்ன மாற்றங்களைக் கொண்டுவருகிறது, அந்த வாரங்களில் ஓர் அரிய பறவையைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி எடைபோடுவது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில் அரிது என்ற சொல். ஒரு பறவையை அரியது என்னும்போது அந்தப் பறவையைப் பற்றி ஒன்றும், அதைத் தேடியவர்களைப் பற்றி ஒன்றும் சேர்த்தே சொல்கிறோம். பறவை உண்மையிலேயே சிலவாக இருக்கலாம். பலவாக இருந்தும் பார்ப்பவர் கண்ணில் படாமல் இருக்கலாம். கண்ணில் பட்டும் வேறொன்றாக எண்ணப்பட்டிருக்கலாம். பட்டியலில் இந்த மூன்றும் ஒரே சொல்லாகவே பதிவாகின்றன. இலங்கைக்கே உரிய செரண்டிப் ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1868க்குப் பிறகு இந்தத் தீவில் புதிய பறவையினம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இனிக் கிடைக்காது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 1995இல் தீபால் வாரகாகொட ஈரவலயக் காட்டில் ஓர் அறிமுகமில்லாத குரலைக் கேட்டார். 2001இல் பறவையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அந்த நூற்று முப்பது சொச்சம் ஆண்டுகளும் ஆந்தை அந்தக் காட்டில்தான் கத்திக்கொண்டிருந்தது. என் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது. அரிய பறவையைக் கண்டறியும் திறமை, சாதாரணப் பறவைகளை ஓரிடத்தில் திரும்பத் திரும்ப எண்ணும் பழக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு வன்னியில் மிகப் பொருத்தமான இடம் ஊர்க்குளம், மிகப் பொருத்தமான காலம் பங்குனியும் சித்திரையும்.

காலத்தை ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஆலாக்களே சாட்சி. வன்னிக் குளங்களின் மேல் குளிர்கால மாதங்களில் தாழப் பறந்து, நீரைத் தொட்டுத் தொட்டு எழும் வெளிர்சாம்பல் பறவைகளில் மிகப் பெரும்பாலானவை மீசை ஆலாக்கள். அவற்றுக்கிடையே எண்ணிக்கையில் மிகக் குறைந்த வெண்சிறகு ஆலாவும் வரக்கூடும். மார்கழியில் இரண்டும் வெண்மையும் சாம்பலுமாக, தலையில் மங்கிய கறுப்போடு இருக்கும். அலகின் நீளம், பிட்டத்தின் நிறம், கன்னத்துக் கறுப்பின் வடிவம் என்று நுட்பமான வேறுபாடுகளை, அசைந்துகொண்டே இருக்கும் ஒரு பறவையில் தேடியாக வேண்டும். பங்குனியில் நிலைமை மாறுகிறது. இனப்பெருக்க இறகு வளர வளர மீசை ஆலாவின் வயிறு கருஞ்சாம்பலாகும். உச்சந்தலை நல்ல கறுப்பாகும். இரண்டுக்கும் நடுவில் கன்னம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெளிந்து, அந்த மீசைப் பெயருக்குக் காரணம் காட்டும். வெண்சிறகு ஆலாவுக்கோ உடல் முழுவதும் கறுக்கும். சிறகின் அடிப்புறத்து முன்பாதியும் கறுக்க, மேற்புறத் தோள் வெண்மையாக ஒளிரும். பாதி மாறிய பறவையில்கூடச் சிறகின் அடியில் கறுப்புத் திட்டுகள் விழுந்திருக்கும். குளக்கட்டில் நிற்பவருக்கு, தலைக்கு மேல் பறவை திரும்பும் அந்தக் கணத்தில் அது தெரிந்துவிடும். நான்கு மாதம் ஐயமாக இருந்த ஒன்று இரண்டு கிழமைக்குள் தெளிவாகிறது. கரையோரங்களில் இதே கூத்து இன்னும் பெரிய அளவில் நடக்கும். சாம்பல் பூத்த வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் நெஞ்சும் வயிறும் கறுப்பாகும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வழிதவறிய பறவைகளில் பெரும்பகுதி, அவ்வாண்டு பிறந்து முதன்முறையாகப் பயணம் செய்யும் இளம்பறவைகள். அவை வருவது புரட்டாசி முதல் கார்த்திகை வரை. ஆகவே தேட வேண்டிய காலம் அதுதானே என்பார்கள். வழிதவறுவது இளம்பறவைகளே என்பது சரி. ஆனால் அந்த மாதங்களில் வன்னியில் வாடைக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. குளங்கள் வான் பாய்கின்றன. வயல், வாய்க்கால், காட்டுப் பள்ளம் என்று எங்கும் தண்ணீர். வந்த பறவை எங்கும் சிதறிப் போகலாம், இறகும் மங்கலாக இருக்கும். பங்குனியில் நீர் சுருங்கச் சுருங்க அதே பறவைகள் எஞ்சிய சேற்றுக்கு வந்து சேர்கின்றன. இன்னொன்றும் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். ஐரோப்பாவில் இளவேனிலில் தெற்கிலிருந்து வரும் சில பறவைகள் தங்கள் இலக்கைத் தாண்டி வடக்கே போய்விடுவதால் அங்கே அரிய பறவைகள் தென்படுகின்றன. இலங்கையின் இருப்பிடம் வேறு. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி இது. இதற்குத் தெற்கே அண்டார்டிக்கா வரை கடல். ஆகவே சித்திரையில் நெளுக்குளத்தில் எதிர்பாராத நீர்ப்பறவை ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் குளிர்காலம் முழுவதையும் இந்தத் தீவில் எங்கோ கழித்துவிட்டு வடக்கே கிளம்பியதாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தாறு மாதம் அது இங்கேயே மேய்ந்தது, எவரும் அதைக் குறித்துவைக்கவில்லை. இங்கு இளவேனில் வெளிக்கொண்டுவருவது நம் குளிர்காலப் பதிவுகளில் உள்ள ஓட்டைகளை.

இனி வரம்பிலிருந்து எழும் உள்ளானுக்கு வருவோம். அருவிவெட்டிய வயலின் ஈரச் சேற்றில் பகல் முழுவதும் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும் பறவை அது. காய்ந்த வைக்கோலும் நிழலும் கலந்த அதன் முதுகு நிறத்தால், மிதிக்கும் தூரம் வரை அது தெரியாது. காலடியில் கிளம்பி, கோணல்மாணலாகப் பறந்து, அடுத்த வயலில் விழுந்துவிடும். இலங்கைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஊசிவால் உள்ளான்கள். ஐரோப்பிய நூல்கள் சாதாரணமானது என்று பெயரிட்டிருக்கும் கோரை உள்ளான் இங்கே அரிது. இரண்டையும் பிரிக்கும் கடைசி அடையாளம் வாலில் இருக்கிறது. கோரை உள்ளானுக்குப் பெரும்பாலும் 14 வாலிறகுகள். எல்லாம் ஓரளவு அகலமானவை. ஊசிவால் உள்ளானுக்கு 24 முதல் 28 வரை உண்டு. நடு இறகுகள் வழக்கம்போல் அகலமாக இருக்க, இருபுறமும் வெளியே உள்ளவை ஒவ்வொன்றும் ஈர்க்கு அளவுக்குக் குறுகி, கடினமாகி, அடுக்கி வைத்த ஊசிகளாக நிற்கும். ஆனால் அந்த ஊசிகள் வால் மடிந்திருக்கும்போது அகன்ற இறகுகளுக்கு அடியில் மறைந்திருக்கும். பறவை குளித்துவிட்டு இறகு கோதும்போதோ, உடலை முறித்து ஒருபக்கச் சிறகையும் வாலையும் சேர்த்து நீட்டும்போதோ, இரண்டு மூன்று நொடி விசிறியாக விரியும். பிரித்தானியர் காலத்தில் உள்ளான் வேட்டை இந்தத் தீவில் பெயர்பெற்ற பொழுதுபோக்கு. சுட்டு வீழ்த்தியவர் கையில் பறவை இருந்தது. அவர் இறகை விரித்து எண்ணலாம். இன்று வரம்பில் பைனாகுலரோடு நிற்பவருக்குக் கிடைப்பது பறந்துபோகும் முதுகு. சிறகின் பின்கரையில் வெள்ளை வரி உண்டா என்று அவர் பார்க்க வேண்டும். கோரை உள்ளானுக்கு அது தெளிவாக இருக்கும். சிறகின் அடி ஒரே கருமையா, வெள்ளைப் பட்டை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கால்விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எழும்போது எழுப்பும் குரல் துணி கிழிவதுபோல் கரகரத்ததா, சற்றே மழுங்கி மூக்கால் வந்ததா என்று கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது நான்கைந்து நொடி.

அந்த நொடிகளில் தேர்ந்த கண்ணும் தவறும். எவ்வளவு தவறும் என்பதைவிட, அந்தத் தவறு எங்கே போய்ச் சேரும் என்பதே கவனிக்க வேண்டியது. விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் ஒருவர் 200 உள்ளான்களை எழுப்பிப் பார்க்கிறார். அவற்றில் 199 ஊசிவால், ஒன்றே ஒன்று கோரை. அவர் கெட்டிக்காரர், நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்வார். அப்படியானால் 199 ஊசிவாலில் ஏறத்தாழ பத்தை அவர் கோரை என்று எழுதிவிடுவார். உண்மையான ஒரு கோரையையும் அநேகமாகச் சரியாகவே எழுதுவார். அவர் குறிப்பேட்டில் 11 கோரை உள்ளான்கள், மெய்யானது ஒன்று. 95 விழுக்காடு திறமையுள்ளவரின் அரிய பறவைப் பதிவுகளில் பத்துக்கு ஒன்பது பிழை! இது அவருடைய நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டு இல்லை. சாதாரணமானது மிக அதிகமாக இருக்கும் இடத்தில் சிறிய தவறும் அரியதன் பெயரிலேயே குவியும். இதற்கு மருந்தும் அதே கணக்கில் இருக்கிறது. வெண்கரை என்ற ஓர் அடையாளத்தோடு, அதைச் சாராத இன்னொன்றையும், குரலை என்று வைத்துக்கொள்வோம், அவர் கட்டாயமாக்கினால், இரண்டிலும் ஒரே சமயத்தில் தவறுவதற்கான வாய்ப்பு நானூற்றில் ஒன்றாகிறது. 199 பறவைகளில் பொய்யாக விழுவது சராசரியாக அரைப் பறவை. மூன்றாவது அடையாளத்தையும் சேர்த்தால் ஐயம் ஏறக்குறைய நீங்கிவிடும். ஆனால் அடையாளங்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். வெள்ளை வரியைக் கண்டுவிட்டேன் என்று மனம் துள்ளிய பிறகு காதும் கரகரத்த குரலையே கேட்கும். ஆகவேதான் வழிகாட்டி நூலைத் திறப்பதற்கு முன், கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதிவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

கைப்பேசியிலேயே நல்ல கமரா இருக்கும் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, ஒரு படம் போதாதா என்று கேட்கலாம். வால் விரிந்த அந்த நொடியில் எடுத்த படம் பெரும் சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்வின்ஹோ உள்ளான் என்ற மூன்றாவது ஒன்று ஊசிவாலோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்றால், வால் தெரியாத படம் பலமுறை எதையும் தீர்ப்பதில்லை. அதற்கும் மேலாக, பொருள் சான்று இருந்தும் இடம் பொய்யானால் என்ன ஆகும் என்பதை நம் பகுதியின் வரலாறே காட்டியிருக்கிறது. மத்திய இந்தியக் காட்டுச் சிற்றாந்தையின் மாதிரி ஒன்றை 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் பெற்றதாக ரிச்சர்ட் மைனெட்ஸ்ஹாகன் குறித்திருந்தார். அது அருங்காட்சியகத்திலிருந்து திருடி, சீட்டை மாற்றி ஒட்டிய பழைய தோல் என்பது பின்னால் வெளிப்பட்டது. அந்தப் பொய்ச்சீட்டு தேடுபவர்களைத் தவறான இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய இடங்களில் தேடிய பமீலா ராஸ்முசனும் அவருடன் சென்றவர்களும் 1997 நவம்பரில் மகாராஷ்டிராவில் உயிருள்ள ஆந்தையைக் கண்டார்கள். 1884க்குப் பிறகு கிடைத்த முதல் மெய்யான சான்று அது. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் விவகாரம் என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1892 முதல் 1930 வரை அந்த வட்டாரத்திலிருந்து நம்பமுடியாத அளவு அரிய பறவைகளின் உடல்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றும் கையில் தொடக்கூடிய மெய்யான பறவை. 1962இல் புள்ளியியலாளர் ஜோன் நெல்டர், அதே காலத்தில் அண்டை வட்டாரங்களில் கிடைத்த பதிவுகளோடும், பிற்காலத்தில் அதே இடத்தில் கிடைத்த பதிவுகளோடும் அவற்றை ஒப்பிட்டார். மிக அரியவற்றின் விகிதம் எந்த வகையிலும் பொருந்தவில்லை. 29 இனங்களும் உள்ளினங்களும் பிரித்தானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மோசடியைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து ஊர்களில் ஆண்டாண்டாகச் சேர்ந்திருந்த சாதாரணக் குறிப்புகள்.

நெளுக்குளத்துக்கு அப்படிப்பட்ட பக்கத்து ஊர்க் குறிப்புகள் போதுமான அளவு இல்லை. காரணத்தை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலிருந்து குறிப்புகளைத் தொகுத்து வருகிறது, ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி 1955இல் வந்தது. 1983 முதல் 2009 வரையான போர், அந்தத் தொடர்ச்சியின் நடுவே வன்னியை ஏறக்குறைய வெறுமையாக விட்டுவிட்டது. இடம்பெயர்ந்துகொண்டிருந்த மக்களுக்கு உயிரே பெரிதாக இருந்த காலம். பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு வயல்வெளியில் நிற்பதே ஆபத்தான செயலாக இருந்த காலம். ஆகவே வன்னியில் இன்ன பறவை அரிது என்று ஒரு நூல் சொன்னால், அது பறவையைப் பற்றிய செய்தியா, போரைப் பற்றிய செய்தியா என்று கேட்டுத்தான் படிக்க வேண்டும். வன்னியில் எவரும் பறவையைப் பார்க்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. ஐப்பசியில் வந்து சித்திரையில் போகும் தோட்டக்கள்ளனுக்கு ஆறுமணிக்குருவி என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு அது குரல் கொடுப்பதை ஊர் மக்கள் கவனித்து வைத்த பெயர். அதுவே ஒரு நல்ல களக்குறிப்பு. கவனிப்பு இருந்தது, திகதியும் எண்ணிக்கையும் இட்ட பதிவுதான் இல்லாமல் போனது.

அரிய பறவை வேண்டுமென்றால் மன்னாருக்குப் போகலாமே, உள்நாட்டுக் குளத்தில் ஏன் காலம் கழிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அங்குள்ள வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் சிறப்பு பெரியது. 2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட மேகா என்ற ஹியூக்ளின் கடற்காகம், ரஷ்ய ஆர்க்டிக்கின் யமால் தீபகற்பம் வரை போய், ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் பறந்து, அதே ஆண்டில் மன்னாருக்கே திரும்பியது. இளவேனிலில் இங்கிருந்து கிளம்புவது எங்கே போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான விடை கிடைப்பது கடினம். ஆனால் உப்புச் சேற்றுக்கு வருபவையும் நன்னீர் வயலுக்கு வருபவையும் வேறுவேறு கூட்டங்கள். உள்ளான், பொறி உள்ளான், மீசை ஆலா, நீலச்சிறகி ஆகியவற்றின் வரவையும் போக்கையும் அறிய ஊர்க்குளத்துக்குத்தான் வர வேண்டும். செய்மதிக் கருவி ஒரு பறவையின் பாதையைச் சொல்லும். ஒரு குளத்துக்கு எத்தனை வந்தன, எந்தக் கிழமையில் குறைந்தன என்பதை அது சொல்லாது. மன்னாரில் ஏற்கெனவே பல கண்கள் இருக்கின்றன. நெளுக்குளத்தில் பதியப்படும் ஒவ்வொரு பட்டியலும் வெற்றிடத்தில் விழுகிறது. அதனால் அதன் மதிப்பு அதிகம்.

வழிதவறிய ஒற்றைப் பறவையால் அறிவியலுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களையும் நான் மதிக்கிறேன். ஒரு பறவை ஓர் இனத்தின் நிலையைச் சொல்லாது என்பது உண்மை. ஆனால் ஒன்று பலவாகும்போது, அது எப்போது தொடங்கியது என்று தெரிந்திருக்க வேண்டுமே. பழுப்பு அரிவாள்மூக்கன் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் கூடு கட்டியது. பிறகு அந்த வழக்கம் அற்று, எப்போதாவது வரும் பறவையானது. இன்று மன்னார்ப் பக்கக் குளங்களில் அதைக் கூட்டமாகக் காணலாம். இந்தத் திரும்புதல் வன்னியில் எந்த ஆண்டு, எந்தக் குளத்தில் தொடங்கியது என்பதைத் தெளிவாகச் சொல்ல, அது வராத ஆண்டுகளின் பட்டியல்கள் வேண்டும். இல்லை என்பதற்கும் அளவு உண்டு. 30 முறை ஒழுங்காகத் தேடியும் ஒரு பறவை ஒருமுறைகூடத் தென்படவில்லை என்றால், ஒரு தேடலில் அது தென்படும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து விழுக்காட்டுக்கு மேல் இராது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். மூன்றைத் தேடல் எண்ணிக்கையால் வகுப்பது புள்ளியியலாளர் கைக்கொள்ளும் எளிய விதி. மாசி தொடங்கி வைகாசி வரை கிழமைக்கு ஒருமுறை நடந்தால் இரண்டு பருவத்தில் முப்பது சேர்ந்துவிடும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளம், கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் கேட்பது இதற்காகத்தான். ஆம் என்ற விடை வந்தால்தான் எழுதாத பறவை இல்லாத பறவையாகக் கணக்கில் ஏறும்.

பட்டியலைப் பகிர்ந்தால் படம் பிடிக்க ஆட்கள் வந்து குவிவார்களே என்ற அச்சம் நியாயமானது. சிறுபோக நாற்றுக்குள் இறங்கி மிதிப்பதும், ஓய்ந்து கிடக்கும் பறவையைத் திரும்பத் திரும்ப எழுப்புவதும் நடக்கக் கூடாதவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் உள்ளானுக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் இழப்பு. அரிய பறவை நிற்கும் வயலின் இடக்குறிப்பை அது போன பிறகு வெளியிடுவதில் அறிவியலுக்கு எந்த நட்டமும் இல்லை. வாரம் ஒரு நடை, ஒரே வரம்பு, ஒரே நேரம் என்றால் பறவைக்கும் தொல்லை குறைவு, எண்ணிக்கைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

சித்திரை முடிவில் தெற்கிலிருந்து சோளகம் எடுக்கத் தொடங்கும். வடக்கே போகும் பறவைக்கு அது முதுகுக் காற்று. அந்த நாட்களில் நெளுக்குளத்து வயலில் போன கிழமை மூன்று உள்ளான்கள் எழுந்த அதே வரம்பில் நடந்து, ஒன்றும் எழாமல் திரும்பும் காலை ஒன்று வரும். அன்று பார்க்க ஒன்றுமில்லை என்று குறிப்பேட்டை மூடிவிட்டால், போன கிழமை கண்ட மூன்றுதான் கடைசியா, அதற்குப் பிறகும் சில இருந்தனவா என்பது எப்போதும் தெரியாது. திகதியை இட்டு, உள்ளான் என்று எழுதி, அதற்கு நேரே 0 என்று போட்டால், அந்தப் பருவத்தில் உள்ளான் நெளுக்குளத்தை விட்டுப் போன கிழமை எது என்பது பதிவாகிவிடும்.